ஒரே இலக்கத்தில் நாற்பத்தொரு வீடு

அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் தட்டச்சு அடித்தவள் நான். இளைப்பாறிய பிறகும் அந்த வேலை என்னை விட்டபாடில்லை. எங்கள் ஒழுங்கையில் யாருக்கு எந்தக் கடிதம், எந்தப் படிவம் என்றாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். பிறப்புப் பதிவில் எழுத்து மாறியிருக்கிறது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், வள்ளத்தின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் நான்தான். "அக்காட்டக் குடுத்தா அலுவல் முடிஞ்சுது" என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும் என்பதை ஒளிப்பானேன்? வாயால் சலித்துக்கொள்வேன், உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். நான் இங்கே சொல்லப்போகிற குழப்படிக்கு அந்தக் குளிர்ச்சிதான் காரணம்.

எங்கள் ஒழுங்கையின் ஒரு முனை பெரிய றோட்டில், மறுமுனை கடலில். கடைசி வீடுகள் இரண்டில் ஒன்று என்னுடையது. அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வெறும் நிலம் இருக்கிறது. அதை நாங்கள் வெளி என்போம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அங்கே ஒன்றும் இருக்காது. இரண்டு ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் அடிப்பார்கள். வள்ளங்கள் எல்லாம் கீழே கடற்கரை மணலில் நிற்கும். வாடைக்காற்று பிறந்தால் கதை வேறு. கடல் மணலைத் தாண்டி ஏறி வரும். அப்போது ஒழுங்கையே திரண்டு, தென்னங்குற்றிகளைப் போட்டு, ஒவ்வொரு வள்ளமாக உருட்டி வெளிக்கு ஏற்றும். மூன்று மாதம் அவை அங்கேதான் கிடக்கும். ஓரத்தில் நிற்கிற இரண்டு வள்ளங்களின் கயிற்றை என் மதிலுக்குள் நிற்கிற பூவரசில் கட்டுவார்கள். பட்டை உரிகிறது, மதில் வெடிக்கிறது என்று நான் வருடா வருடம் கத்துவேன். யாரும் காதில் வாங்கியதில்லை.

போன ஆனி மாதம் ஒழுங்கையின் வாட்சப் குழுவில் ஒரு இணைப்பு வந்தது. நகரத்துக்குப் புதிய அபிவிருத்தித் திட்டம் வரைகிறார்களாம், வரைபடத்தைப் பார்த்து மக்கள் கருத்துச் சொல்லலாமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தேன். வானத்திலிருந்து எடுத்த படம், துறைமுகம் தொடங்கி எங்கள் பக்கம் வரை. விரலால் விரிக்க விரிக்க என் வீட்டுக் கூரையே தெரிந்தது, குசினிக்கு மேலே போட்ட புது ஓடு உட்பட. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு விரலைக் கொஞ்சம் கடல் பக்கம் நகர்த்தினேன். வெளி சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டால் ஒரு சிறு பெட்டி திறந்தது. "பயன்பாடற்ற நிலம். முன்மொழிவு: வாகனத் தரிப்பிடம். உங்கள் கருத்து என்ன?"

படம் எடுத்த நாள் நல்ல வெயில் போல. கடல் அசையாமல் கிடந்தது, வள்ளங்கள் கீழே மணலில் ஒழுங்காக நின்றன. அந்த மணலை அவர்கள் தொடவேயில்லை. மீனவர் பகுதி என்று நீல நிறம் பூசி மரியாதையாக விட்டிருந்தார்கள். படத்தில் கண்டதை நம்பி வரைந்திருக்கிறார்கள், படத்தில் வாடை இல்லை. கெட்ட மனிதர்கள் என்று வாயாரத் திட்டவும் வழியில்லாமல் போனதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவது. அவளுடைய புருசனுக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு வந்து இரண்டு வருடமாகக் கடலுக்குப் போவதில்லை. வள்ளம் அவள் பெயரில் இருக்கிறது, சாம்பல்தீவிலிருந்து அவளுடைய தம்பி வந்து அதை ஓட்டுகிறான். அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்த ஒரு வள்ளத்தால். அவர்களுடைய முதல் வள்ளம், முந்தி ஒரு வாடையில் ஒரேயொரு நாள் பிந்தி ஏற்றப் போய், கல்லில் அடிபட்டு இரண்டாகப் பிளந்தது. அதனால் அவளுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப வாடைக்கு வள்ளத்தை எங்க அக்கா ஏத்துறது? காருக்கு மேலயோ?"

"நீ பேசாம இரு. நான் எழுதுறன்," என்றேன்.

கருத்துச் சொல்ல இரண்டு கிழமை தவணை. நான் மூன்று நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். வாசலில் கதிரையைப் போட்டு, ஒழுங்கையின் நாற்பத்தொரு வீட்டுக்கும் ஆளனுப்பினேன். வீட்டுக்கு ஒருவராக வந்து பக்கத்தில் குந்தினார்கள். வரைபடத்தில் வெளியைத் தொட்டு, கருத்தை எழுதி, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால், அந்த இலக்கத்துக்கு ஒரு ரகசியக் குறி வரும். அதை அடித்தால் "நன்றி, உங்கள் கருத்து கிடைத்தது" என்று விழும். ஒவ்வொருவருடைய போனையும் வாங்கித் திறந்து மினக்கெடுவானேன்? என் போன், என் இலக்கம், என் விரல். முதலில் என் வீட்டுக்குப் போட்டேன், பிறகு வரிசையாக மற்ற நாற்பதும். நாற்பத்தொரு தரம் அது எனக்கு நன்றி சொன்னது.

எழுதியது என்ன என்று கேட்டால், கச்சேரித் தமிழ்தான். "மேற்படி நிலம் தொடர்பாகத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில்" என்று ஒரு நல்ல பந்தியை ஆக்கி வைத்திருந்தேன். எல்லோருக்கும் அதே பந்தி, வீட்டு இலக்கம் மட்டும் மாறும். யாரும் குறை சொல்லவில்லை, எதிர்வீட்டுத் தங்கச்சியைத் தவிர.

அவள் தன் முறை வந்ததும் சொல்லத் தொடங்கினாள். "வள்ளம் போனா நாங்களும் போனம். அதை எழுதுங்கோ."

நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எமது வாழ்வாதாரம் பாதிப்படையும் என்பதை மேலும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"நீ சொன்னதை அப்பிடியே எழுதினா கந்தோரில சிரிப்பினம்."

"சிரிச்சாலும் என்ர கதைதானே அக்கா. இது உங்கட கதையெல்லோ."

"விசர்க்கதை கதையாத. எத்தினை வருசம் இந்த வேலை செய்தனான்," என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன். அவள் எழுந்து பாவாடை மணலைத் தட்டிவிட்டுப் போனாள். நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போனால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கருத்துகள் எல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாக வரும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நாலாம் நாள் திறந்து பார்த்தேன். கப்பல்துறைப் பக்கம் யாரோ பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை கேட்டு ஒரு புள்ளி. சந்தைக்குப் பின்னால் வாய்க்கால் நாற்றம் என்று ஏழெட்டுப் புள்ளி. எங்கள் வெளியில் ஒரு புள்ளிகூட இல்லை. மூடித் திறந்தேன், போனை நிறுத்தி மறுபடி போட்டேன். சாம்பல் நிறம் அப்படியே கிடந்தது.

அடுத்த நாள் காலை நல்ல சேலையொன்றைக் கட்டிக்கொண்டு நேரே திட்டமிடல் கந்தோருக்குப் போனேன். சண்டைக்கென்றே போனேன். அங்கே ஒரு இளம் பெண் உத்தியோகத்தர், கணினிக்குப் பின்னால் மிக மரியாதையாக எழுந்து, "இருங்கோ அம்மா" என்று கதிரையைக் காட்டினாள். மரியாதையான ஆளோடு சண்டை பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் இலக்கத்தைக் கேட்டு அடித்துப் பார்த்தாள். திரையில் வந்த பட்டியலைக் கடைசிவரை இறக்கினாள்.

"அம்மா, இந்த இலக்கத்தில இருந்து ஒரே பந்தி நாப்பத்தொரு தரம் வந்திருக்கு."

"ஓம். நாப்பத்தொரு வீடு."

"இங்க அது ஒரு ஆள் நாப்பத்தொரு தரம் அனுப்பின மாதிரித்தான் விழுந்திருக்கு. ஒராளே கனபேர் மாதிரி வந்து குழப்பக் கூடாதெண்டு ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கு. அது முழுக்க ஒதுக்கிப் போட்டுது. உங்கட இலக்கத்தையும் பூட்டிப் போட்டுது. இனி அதில இருந்து ஒண்டும் போடேலாது."

நான் கச்சேரியில் வேலை செய்த கதையை எடுத்துவிட்டேன். எத்தனை ஆயிரம் மனு என் கையால் போயிருக்கிறது, ஒன்றாவது திரும்பி வந்ததா என்று கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"போன கிழமை நானே வந்து பாத்தனான் அம்மா. ரெண்டு ஆடுதான் நிண்டது."

"இப்ப ஆனி மாசம் மிஸ். வாடைக்கு வந்து பாருங்கோ."

"வாடைக்கு முதல் திட்டத்தை அனுப்பிப் போடுவினம். வாடை நேரத்தில எடுத்த படம் இருந்தாப் போடச் சொல்லுங்கோ. படத்தில திகதி இருக்கும், அதை ஒருத்தரும் மறுக்கேலாது. ஆனா அவையவை தங்கட போனில, தங்கட சொல்லில போட வேணும். இன்னும் எட்டு நாள் இருக்கு."

வரும் வழியில் ஓட்டோக்காரரில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கோபம் அந்தப் பெண்ணில் இல்லை, கணினியிலும் இல்லை. நாற்பது வீட்டாருடைய வாயையும் நானே என் கையால் பொத்திவிட்டு, அதற்கு நன்றி வேறு வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை. அப்படியே வெளியில் போய் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "பிழை என்னில. நான் எழுதின ஒண்டும் கணக்கில இல்லை. திரும்பப் போட வேணும், நீங்கள்தான் போட வேணும்."

எதிர்வீட்டுத் தங்கச்சி முன்னுக்கு வந்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தன் போனை நீட்டி, "எப்பிடித் திறக்கிறதெண்டு காட்டுங்கோ" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். யாருடைய போனையும் தொடுவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வாயால் மட்டும் சொல்வது. இது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். ஒருவர் ஒரு சொல்லை அடிக்க அரை மணித்தியாலம் எடுப்பார், எனக்கு விரல் துடிக்கும். பட்டன் போன் வைத்திருந்தவர்கள் வீட்டில் யாராவது ஒருவருடைய நல்ல போனைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால் எட்டு நாளும் காலையிலும் பின்னேரத்திலும் வெளியில் நின்றேன். வராத வீட்டுக்கு நானே போய்க் கதவில் தட்டினேன். ஒருத்தி உலையில் சோறு இருக்கிறது என்றாள். சோறு வடிக்கும்வரை அவள் வாசலில் நின்றேன்.

படம் தேடத் தொடங்கியபோதுதான் விசேஷம். வெளியை யாரும் வெளி என்று படம் எடுத்ததில்லை, எதற்கு எடுப்பார்கள்? ஆனால் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் புதுச் சட்டையோடு எடுத்த படம், பின்னால் வள்ளம். தைப்பொங்கல் பானையைப் படம் எடுத்திருக்கிறார்கள், பானைக்குப் பின்னால் ஐந்து வள்ளம். கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண்ணோடு ஒழுங்கைக்குள் வருகிறார், அவர் தலைக்கு மேலே ஒரு வள்ளத்தின் முன்பக்க அணியம். எங்களிடம் மீன் எடுக்க வருகிற மூதூர் நானா, புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளை வெளியில் நிறுத்திப் படம் எடுத்து வைத்திருந்தார். பின்னால் பதினேழு வள்ளத்தையும் எண்ணலாம்.

"நான் இந்த ஒழுங்கை ஆளில்லையே புள்ள. நானும் போடலாமா?" என்று கேட்டார்.

"வாடைக்கு வள்ளம் உடைஞ்சா உங்களுக்கு மீன் எங்கால நானா? போடுங்கோ," என்றேன்.

அவர்கள் எழுதியதை வாசிக்க வாசிக்க என் பந்தி எவ்வளவு சப்பென்று இருந்தது என்று எனக்கே விளங்கியது. ஒருவர் எழுதியிருந்தார்: "காரை வேற எங்கயும் விடலாம். வள்ளத்தை வேற எங்கயும் விடேலாது." முப்பத்திரண்டு வருடத்தில் நான் அடித்த எந்த மனுவிலும் இவ்வளவு தெளிவான ஒரு வரி இல்லை. திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை, மெய்யாகத்தான் சொல்கிறேன்.

எதிர்வீட்டுத் தங்கச்சி மட்டும் கடைசி நாள்வரை இழுத்தாள். கடைசி நாள் பின்னேரம், வெளியின் ஓரத்தில் ஒரு தென்னங்குற்றியில் குந்தி, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"அங்கால போங்கோ அக்கா. உங்களுக்குக் காட்டமாட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. இன்னும் மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் போய், யாருக்கும் தெரியாமல் என் போனில் ஒருமுறை முயன்று பார்த்தேன். பூட்டுத்தான். வேறு சிம் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். முதலில் செய்த குழப்படியையே வேறு வழியில் செய்வதாக இருக்கும் என்று பட்டது, விட்டுவிட்டேன். அன்று மாலை வெளியில் நாற்பது வீட்டின் புள்ளிகளும் மூதூர் நானாவின் புள்ளியும் இருந்தன. என் வீடு மட்டும் இல்லை. காட்டமாட்டன் என்றவளுடைய புள்ளியை ஒளித்துத் திறந்து வாசிப்பானேன் என்று அதை மட்டும் தொடாமல் விட்டேன். வள்ளம் இல்லாதவளுக்கு என்ன கருத்து என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு கிழமை கழித்து மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒழுங்கை முழுக்கப் போனோம். அந்த இளம் உத்தியோகத்தர் பெரிய திரையில் வரைபடத்தைப் போட்டு, படம் உள்ள எங்கள் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். பிறந்தநாள் பிள்ளை, பொங்கல் பானை, மாப்பிள்ளை, மோட்டார் சைக்கிள். ஒவ்வொரு படத்தின் கீழும் திகதி. எல்லாம் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில். மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது, ஆனால் நான் பயந்த மாதிரிச் சிரிப்பு இல்லை.

முன் வரிசையில் இருந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் கேட்டார். "இது வருசத்தில மூண்டு மாசத்துக்குத்தானே?"

பேசாமல் இருப்பது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தேன். எழும்பிவிட்டேன். "குடையும் மழைக்குத்தான் சேர். அதுக்காக வெயில் நாளில குடையைத் தூக்கி எறியிறீங்களோ?"

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ கதைத்தார். பிறகு, பெரிய றோட்டோரம் சும்மா கிடக்கிற பழைய களஞ்சியக் காணியைத் தரிப்பிடத்துக்குப் பார்க்கலாம், இதை விடுங்கள் என்றார். உத்தியோகத்தர் எங்கள் கண்முன்னே சாம்பல் நிறத்தை அழித்து நீலம் ஆக்கினாள். "வாடைக்கால வள்ளத் தரிப்பு" என்று எழுதினாள். என் பக்கத்தில் இருந்த எதிர்வீட்டுத் தங்கச்சி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. முடிந்தது, போகலாம் என்று கைப்பையை எடுத்தேன்.

"ஒரு நிமிசம்," என்றாள் உத்தியோகத்தர். "பாதிக்கப்படுற வீட்டுக் கணக்கைப் போட்டு இதை மூட வேணும். மூதூர்க்காரரை விட்டா நாப்பது புள்ளி, நாப்பது வீடு. ஆனா இதில ஒரு கருத்தை எப்பிடிக் கணக்கில போடுறதெண்டு தெரியேல்லை. வாசிக்கிறன்."

திரையில் எதிர்வீட்டுத் தங்கச்சியின் புள்ளி திறந்தது. உத்தியோகத்தர் எழுத்துக்கு எழுத்து வாசித்தாள்.

"எங்கட முதல் வள்ளம் ஒரு நாள் பிந்தினதால உடைஞ்சது. வெளி இல்லாட்டி இதுவும் உடையும். வள்ளம் போனா நாங்களும் போனம். எங்களுக்கு எதிர்வீட்டில ஒரு அக்கா இருக்கிறா. எங்களுக்காக எழுதப் போய் அவட இலக்கத்தை நீங்கள் பூட்டிப் போட்டியள். அவவுக்கு வள்ளம் இல்லை. வாடைக்கு எங்கட வள்ளத்தின்ர கயிறு அவட பூவரசிலதான் கட்டுறது. கட்டேக்க கத்துவா. ஒருநாளும் அவிட்டு விட்டதில்லை. விடிய முதல் மழைக்க வந்து முடிச்சு இறுக்கமோ எண்டு பாத்திட்டுப் போவா, எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு. அவவும் இஞ்சதான் இருக்கிறா. அவவையும் சேத்து எண்ணுங்கோ."

நான் கைப்பையை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அப்ப இதை ரெண்டு வீடாப் போடட்டா?" என்று உத்தியோகத்தர் கேட்டாள்.

எதிர்வீட்டுத் தங்கச்சி எழுந்து நின்றாள்.

"ஓம் மிஸ். ரெண்டாப் போடுங்கோ."